ஏழாமவனின் பெயர்

ராக்வோங் ஊர்த் தியாகிகள் தூணில் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். அதில் இருபத்தெட்டுப் பேருக்குத்தான் பெயர் இருந்தது. மற்ற முப்பத்தைந்து பேரும் குடும்பப் பெயரோடு ஓர் எண். லே வான் ஏழு, ஃபாம் வான் மூன்று, ஹுவின் தி ஐந்து. எங்கள் பக்கம் பிள்ளைகளைப் பிறந்த வரிசைப்படிதான் கூப்பிடுவது. மூத்தது இரண்டு. ஒன்று என்று யாரையும் கூப்பிட மாட்டோம், கண்படும். சண்டைக் காலத்தில் அரசாங்கப் பட்டாளத்தை எதிர்த்துக் காட்டுக்குப் போனவர்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. பிடிபட்டவனை எவ்வளவு அடித்துக் கேட்டாலும் வாயிலிருந்து 'ஏழு' என்றுதான் வரும். வாய்க்காலுக்கு ஓர் ஏழு இருப்பான்.

சண்டை முடிந்த வருடம் பாலத்தடியில் ஒரு தென்னம்பலகை கட்டி, தாரில் பெயர்களை எழுதினார்களாம். நான்கு வருடம் கழித்து சிமென்ட் தூண் எழுப்பினார்கள். ஒவ்வொரு ஜூலை இருபத்தேழு தியாகிகள் தினத்துக்கும் முன்னால் யாராவது ஒருவர் சிவப்புப் பெயின்ட் வாங்கி எழுத்துகளின்மேல் பூசுவார். பூசப் பூச எழுத்துகள் தடித்து, சில இடங்களில் ஐந்தா ஒன்பதா என்று தெரியாமல் போனது. 1998-இல் அதை எடுத்துவிட்டுக் கருங்கல் வைக்க முடிவாயிற்று. கல்லில் எண் கூடாது, பிறந்தபோது வைத்த பெயர்தான் வேண்டும் என்று வட்டத்திலிருந்து உத்தரவு வந்தது.

பெயர் கேட்டு எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் அப்போது ஊராட்சி அலுவலகத்தில் தற்காலிக எழுத்தர். பகலில் அங்கே, சாயங்காலம் பெரியவர்களுக்கான பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. வேலையைக் கொடுத்தவர் எட்டு மாமா. தியாகிக் குடும்பங்களின் விவகாரமெல்லாம் அவர் பொறுப்பு. இடது கையில் அவருக்கு இரண்டு விரல்கள்தான் மிச்சம். அந்த இரண்டு விரலுக்கிடையில் எப்போதும் ஒரு சிகரெட் இருக்கும்.

"முப்பத்தஞ்சு வீடு, நாலு," என்றார். நான் எங்கள் வீட்டில் நான்கு. "போ, கேளு, எழுது. யாராவது அழுதா டீ குடிச்சிட்டு வா. நீயும் சேந்து அழாதே, தாள் நனைஞ்சிடும்."

ஜூன் ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பத்து அத்தையின் வீட்டுக்குப் போனேன். அவள் வாய்க்கால் முகப்பில் இருக்கும் தேங்காய்க் களத்தில் மட்டை உரித்துக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. தாயார் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஏழாமவர் என்று தூணில் இருப்பவர் அவளுடைய அண்ணன்.

உரிக்கும் இரும்புப் பாரை தரையில் நட்டிருந்தது, முனை அவளுடைய முழங்கால் உயரத்துக்கு நின்றது. காயை இரண்டு கையாலும் தூக்கி அதன்மேல் இறக்குவாள். 'கர்ர்' என்று ஒரு சத்தம். ஒரு திருகு, அடுத்த பக்கம் ஒரு இறக்கு, ஒரு திருகு. மூன்றாவது திருகில் மட்டை ஒரு பக்கம், காய் ஒரு பக்கம். காயைப் பின்னால் பார்க்காமலே வீசுவாள், குவியலில் சரியாக விழும். ஒரு பத்து முடிந்ததும் ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துப் போடுவாள். எங்கள் ஊரில் தேங்காய்க்கு ஒரு பத்து என்றால் பன்னிரண்டு.

"வேலையக் கெடுக்கிறேனா அத்தே?"

"நீ கெடுக்காட்டி மழை கெடுக்கப் போவுது. மட்டைமேல உக்காராதே, பூரான் கெடக்கும். அந்தக் கூடையைக் கவுத்துப் போட்டு உக்காரு. சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் அத்தே. புதுக் கல்லுக்குப் பேரு கேட்டு வந்தேன். உங்க அண்ணன் ஏழாமவரோட நெசப் பேரு."

"ஏழுன்னே இருக்கட்டுமே. இத்தனை வருசம் ஏழாத்தானே இருந்துச்சு."

"மேலேர்ந்து உத்தரவு. பொறந்தப்ப வெச்ச பேருதான் போடணுமாம்."

"பொறந்தப்ப வெச்ச பேரு," என்றாள். கையில் இருந்த காயைப் பாரைமேல் இறக்கினாள். திருகவில்லை. காய் பாரையில் குத்தியபடி நின்றது. "கல்லுல வெட்டுனா பெறவு அழிக்க முடியாதில்ல?"

"முடியாது அத்தே. அதான் நல்லா யோசிச்சு—"

"யோசிக்க என்ன இருக்கு. சாங்."

"லே வான் சாங்?"

"லே வான் சாங்."

எழுதினேன். சரிபார்ப்பதற்காக வாய்விட்டு வாசித்தேன்.

"இன்னொருக்கா வாசி," என்றாள்.

வாசித்தேன். தலையை ஆட்டிவிட்டுக் காயைத் திருகினாள். என்னைப்போலவே எல்லாவற்றையும் இரண்டு தடவை சரிபார்க்கிற ஓர் ஆள் ஊரில் இருக்கிறாளே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிளம்பும்போது உரித்த காய் இரண்டைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

ஜூன் இருபத்திரண்டாம் தேதி வட்டத்திலிருந்து ஒரு பழைய பட்டியல் வந்தது. சண்டை முடிந்ததும் படைப்பிரிவுகள் தட்டச்சு செய்து அனுப்பியது. தாள் தொட்டால் உதிர்ந்தது. அதில் எங்கள் ஊர் வரிசையில் இப்படி இருந்தது: ஏழு, சொந்தப் பெயர் கியெம், 1970 ஒன்பதாம் மாதம், ஹாம் லுவோங் ஆற்றைப் படகில் கடக்கும்போது, உடல் கிடைக்கவில்லை.

நான் ஒரு துண்டுத் தாளில் இரண்டு குறிப்பு எழுதினேன். ஒன்று, பெயர் பொருந்தவில்லை. இரண்டு, உடல் கிடைக்காதவருக்கு நம் தியாகிகள் மயானத்தில் மூன்றாவது வரிசையில் கல்லறை இருக்கிறது.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பத்து அத்தையின் களத்துக்குப் போயிருக்கலாம். கால் மணி நேர நடை. எட்டு மாமாவின் மேசையில் வைத்திருக்கலாம். நான் இருபத்தைந்தாம் தேதி நடந்த குடும்பங்கள் கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். ஏன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். நான் எவ்வளவு கவனமாக வேலை செய்திருக்கிறேன் என்று நாற்பது பேர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். அதைத் தவிர வேறு காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கூட்டம் ஊராட்சிக் கொட்டகையில் காலை ஒன்பது மணிக்கு. மழை தகரக் கூரையில் கொட்டியது. தேங்காய்ப்பாலில் வெந்த வாழைப்பழம் ஆளுக்கொரு கிண்ணம். எட்டு மாமா ஒவ்வொரு பெயராக வாசிக்க, வீட்டார் "சரி" என்று சொல்ல வேண்டும்.

"ட்ரான் வான் நாய்," என்று வாசித்துவிட்டு நிமிர்ந்தார். "ஏம்ப்பா, ஆறு, இது சரியா? கல்லுல நாய்னு வெட்டலாமா?"

"வெச்ச பேரத்தானே கேட்டீங்க? வெச்சது நாய்தான்," என்றார் பின்வரிசையில் இருந்த ஆறு. "நல்ல பேரு வெச்சா பேய் தூக்கிட்டுப் போயிடும்னு எங்கப்பா வெச்சாரு. பேய் தூக்கல. நீங்கதான் தூக்கிட்டுப் போனீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எட்டு மாமாவும் சிரித்தார். "நாய் என்னைவிட நல்லாச் சுடுவான்," என்று சொல்லி அடுத்த பெயரை வாசித்தார்.

"லே வான் சாங்."

பத்து அத்தை இரண்டாவது வரிசை ஓரத்தில் இருந்தாள். கட்டம்போட்ட துண்டை மடியில் மடித்து வைத்திருந்தாள். "சரி," என்றாள்.

எட்டு மாமா ஒரு கணம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். சிகரெட்டை இழுத்தார். அடுத்த பெயருக்கு விரலை நகர்த்தினார். அப்போது நான் எழுந்தேன்.

"ஒரு நிமிசம் மாமா. இதுல ஒரு முரண்பாடு இருக்கு."

"அப்புறம் பாத்துக்கலாம், நாலு."

"அப்புறம் நேரம் இல்ல மாமா, நாளைக்குக் கல்தச்சனுக்குப் பட்டியல் போகணும். படைப்பிரிவுத் தாள்ல ஏழாமவரோட பேரு கியெம்னு இருக்கு. அத்தே, நீங்க சாங்னு சொன்னீங்க. எது சரி?"

"நாலு, உக்காரு," என்றார் எட்டு மாமா.

"இன்னொண்ணும் இருக்கு மாமா. உடல் கிடைக்கலைன்னும் போட்டிருக்கு. ஆனா கல்லறை—"

"உக்காருடீ!"

அவர் என்னை 'டீ' போட்டது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தேன். முன்வரிசையில் மூணு பெரியம்மா வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். அவளுக்குக் கணவரும் இரண்டு மகன்களும் தூணில் இருந்தார்கள். அவள் திரும்பிப் பத்து அத்தையைப் பார்த்தாள்.

"சாங் யாரு? அந்தத் தகரப் பெட்டியில வந்தவனா?"

"அக்கா, பேசாம இருங்க," என்றார் எட்டு மாமா.

"நான் எதுக்குப் பேசாம இருக்கணும்? பத்தொம்பது வருசம் பேசாமத்தானே இருந்தேன்? எம் புள்ளைங்க ரெண்டு பேரும் அதே வரிசையிலதான் படுத்திருக்கானுங்க. பக்கத்துல படுத்திருக்கிறவன் அந்தப் பக்கத்துப் பட்டாளத்துக்காரன்னு தெரிஞ்சுதான் இருந்துச்சு. போனாப் போவுது, இவனும் ஒருத்தி பெத்த புள்ளைதானேன்னு அவனுக்கும் சேத்துத்தான் ஊதுவத்தி வெச்சேன். கேளு, வெச்சேனா இல்லையான்னு. ஆனா கல்லுல பேரு வெட்டுறதுன்னா அது வேற. என் பேரப்புள்ளைங்க அதை எழுத்துக்கூட்டி வாசிக்கும்."

"அப்படியா!" என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கொட்டகையில் அது தெரியாமல் இருந்தது நான் ஒருத்திதான்.

பத்து அத்தை எழுந்தாள். "என் தப்பு," என்றாள், யாரையும் பார்க்காமல். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனாள். அவளுடைய ஓலைத்தொப்பி நாற்காலியின் கீழேயே கிடந்தது.

கூட்டம் முடிந்து கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். மூணு பெரியம்மா வந்து என் பக்கத்தில் நின்றாள். "நல்லாப் படிக்கிறே நீ," என்றாள். சாயங்காலம் வகுப்பிலும் அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

மறுநாள் தொப்பியை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க மூன்று வாக்கியங்கள் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். அவள் உரித்துக்கொண்டிருந்தாள். தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அத்தே, நேத்து நான்—"

"கூடையைக் கவுத்துப் போட்டு உக்காரு."

என் மூன்று வாக்கியங்களும் போயின. அவள் ஒரு பத்து உரித்து, ஈர்க்குச்சியை ஒடித்துப் போட்ட பிறகு பேசினாள்.

"எங்க வீட்டுல ரெண்டு கணக்கு, நாலு. அஞ்சாவதாப் பொறந்தது ஒரு மாசம் நெறஞ்சு கும்பிடுறதுக்கு முந்தியே செத்துப்போச்சு. அப்பா அதையும் எண்ணுவாரு. அம்மா எண்ண மாட்டா. எண்ணுனா செத்தது வாயில வருமே, அதான். அப்பா கணக்குல கியெம் அண்ணன் ஏழு, சாங் அண்ணன் எட்டு, நான் பத்து. அம்மா கணக்குல சாங் ஏழு, நான் ஒம்பது. ஊரு அப்பா கணக்கு. அடுப்படி அம்மா கணக்கு."

"சாங் அண்ணன் எப்படி அந்தப் பக்கம்..."

"பதினாலு வயசுல மீத்தோ டவுனுக்கு மோட்டார் ரிப்பேர் கத்துக்கப் போனான், மாமா வீட்டுக்கு. ஊருக்கு அவன் மொகமே சரியாத் தெரியாது. பதினெட்டு ஆனதும் அரசாங்கப் பட்டாளத்துக்குன்னு ரோட்டுல மடக்கி லாரியில ஏத்திட்டாங்க. அதுக்கு முந்தியே கியெம் அண்ணன் காட்டுக்குப் போயிட்டான். அம்மா ரெண்டு பேருக்கும் ஒரே பானையிலதான் அரிசி எடுத்து வெச்சா."

காயைப் பாரைமேல் இறக்கினாள். அவள் பேசும்போது கை நிற்கவில்லை. அதனால் பாதி வார்த்தைகள் மட்டை கிழியும் சத்தத்தில் போயின. நான் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து நினைவிலிருந்துதான் எழுதினேன். எங்காவது தவறு இருக்கலாம்.

அறுபத்தெட்டு புத்தாண்டுச் சண்டையில் சாங் செத்தார். ஊர் அப்போது காலி. குண்டு போட்டுத் தென்னையெல்லாம் தலையில்லாமல் நின்ற காலம். சனமெல்லாம் நகரத்து ஓரத்தில் தகரக் குடிசைகளில் இருந்தது. பட்டாளத்தார் உடலைத் தகரப் பெட்டியில் வைத்துத் தாயாரிடம் கொடுத்தார்கள். செத்துப்போன அப்பா பக்கத்தில்தான் அவன் படுக்க வேண்டும் என்று தாயும் மகளும் நீர்ப்பெருக்குப் பார்த்து ஒரு நாள் முழுக்கத் துடுப்புப் போட்டு வந்து, தோட்டத்தில் புதைத்துவிட்டுத் திரும்பினார்கள். இரண்டு வருடம் கழித்துக் கியெம் ஆற்றில் போன செய்தி வந்தது. அவருக்குப் பெட்டியும் இல்லை, எலும்பும் இல்லை.

"எழுபத்தொம்பதுல மயானம் கட்டுறப்ப மம்மட்டியோட மூணு பேரு வந்தாங்க. 'அம்மா, ஏழாமவரு எங்க இருக்காரு?'ன்னு கேட்டாங்க. அம்மாவுக்கு ஏழு அவன்தானே. கையைக் காட்டுனா. பொய் சொல்லல."

"நீங்க?"

"நான் அடுப்படியில இருந்தேன். கேட்டுச்சு. வெளிய வரல."

ஒரு படகு போனது. அவள் அது தாண்டும்வரை காத்திருந்தாள்.

"அதுகூடப் பரவால்ல. சாகறதுக்கு முந்தின வருசம் ஒரு நாள் லீவுல வந்தான், இங்கயே. உடுப்போட வந்தான். வேற சட்டை இல்லயாம். அம்மா சந்தைக்குப் போயிருந்தா. எனக்குப் பதினேழு. நான் படித்துறைக்கு வந்து இந்தக் கரையப் பாத்தேன், அந்தக் கரையப் பாத்தேன். 'வீட்டுக்குள்ள வராதே, யாராச்சும் பாத்தா'ன்னேன். படகுலயே சோறு கொடுத்தேன். அவன் சிரிச்சான். 'சரி, ஒம்பது, இங்க காத்து நல்லா வருது'ன்னான். தின்னுட்டு, கிண்ணத்தை வாய்க்கால்ல அலசிக் குடுத்துட்டுப் போனான். பெறவு பெட்டியிலதான் வந்தான்."

கை நின்றது.

"அவன் பேரை யாரும் வாய்விட்டுச் சொன்னதே இல்ல, நாலு. நீ வந்து கேட்டே. ஏழு யாருன்னு கேட்டே. ஒரு தடவை சொல்லிப் பாக்கலாம்னு தோணுச்சு. சொன்னதும் நீ வாசிச்சே. நல்லா இருந்துச்சு. கியெம் அண்ணன் பேரை அழிக்கிறோம்னு அப்ப நெனைக்கல. ராத்திரிதான் நெனைச்சேன். அப்பயும் வந்து சொல்லல. எனக்குச் சும்மா இருந்தே பழக்கம்."

எட்டு மாமா தன் சின்னப் படகில் வந்து படித்துறையில் கட்டினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மட்டைக் குவியலிலேயே உட்கார்ந்தார்.

"பூரான் இருக்கும் எட்டண்ணே."

"கடிக்கட்டும். இங்க பாரு பத்து. பட்டியலை நான் இன்னும் அனுப்பல. கியெம்னு மாத்திடறேன். எலும்பு கெடக்குற எடத்துல கெடக்கட்டும். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"மூணக்கா கேட்டாங்களே."

"அவங்க வாயி தெரிஞ்சதுதானே."

"அவங்க சொன்னது சரிதானேண்ணே? நான் அவங்களா இருந்தா ஊதுவத்திகூட வெச்சிருக்க மாட்டேன்." அவள் கையைத் துண்டில் துடைத்தாள். "அவனை எடுத்துக் குடுத்துடுங்க. தோட்டத்துலயே வெச்சுக்கிறேன்."

எட்டு மாமா சிகரெட்டைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி ஆயிற்று. "அன்னைக்குத் தோண்டுன மூணு பேர்ல நானும் ஒருத்தன். மம்மட்டி தகரத்துல பட்டதும் தெரிஞ்சுபோச்சு. நாங்க ஒருத்தன் மொகத்தை ஒருத்தன் பாத்துக்கிட்டோம். நம்ம பசங்களை நாம வாழை நார்ப் பாயில சுத்தித்தானே பொதைச்சோம், தகரத்துக்கு எங்க போறது? ஆனா உங்கம்மா குடையப் புடிச்சிக்கிட்டு மேல நிக்கிறா. எலும்பு நனையக் கூடாதாம். எப்படிம்மா சொல்றது? தகரத்தை வாய்க்கால்ல போட்டுட்டு, எலும்பை நம்ம கொடித் துணியில சுத்திக் கொண்டுபோயிட்டோம். இப்பத் தோண்டுனா, வட்டத்துக்கு நான் என்னன்னு எழுதுறது? பத்தொம்பது வருசமா தப்பான ஆளுக்கு வணக்கம் வெச்சோம்னா?"

"நான் தப்பாக் காட்டுனேன்னு எழுதுங்க."

"காட்டுனது உங்கம்மா."

"அம்மா சரியாத்தான் காட்டுனா. சும்மா இருந்தது நான். அதை எழுதச் சொல்லுங்க. இதோ, எழுதறதுக்குத்தானே இவ உக்காந்திருக்கா."

அங்கேயே, கூடையின்மேல் பலகை வைத்து, பையிலிருந்த குடும்பப் படிவத்தில் எழுதினேன். அவள் சொல்லச் சொல்ல. 'அந்தப் பக்கம் பணிபுரிந்த குடும்பத்தார்' என்று ஒரு கட்டம் உண்டு. இதுவரை அவர்கள் வீட்டு எல்லாப் படிவத்திலும் அதில் 'இல்லை' என்றுதான் எழுதியிருந்தது. "லே வான் சாங், அண்ணன்னு போடு," என்றாள். பெருவிரலை மையில் அழுத்தி வைத்தாள். எட்டு மாமா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு படகை அவிழ்த்தார். மட்டைத் தும்பு அவருடைய கால்சட்டையில் ஒட்டியிருந்தது.

ஜூலை நான்காம் தேதி சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. மயானத்தில் நாங்கள் நான்கு பேர்: எட்டு மாமா, மண்வெட்டியோடு அவருடைய தம்பி, பத்து அத்தை, நான். வேடிக்கை பார்க்க யாரும் வரவில்லை. வழியில் இரண்டு வீட்டுக் கதவுகள் நாங்கள் தாண்டும்போது சாத்தியிருந்தன, எப்போதும் திறந்து கிடக்கும் வீடுகள்.

பாதி தோண்டியிருக்கும்போது மூணு பெரியம்மா வந்தாள். எங்களைப் பார்க்காமல் தன் மகன்களின் கல்லறைக்குப் போய்க் குனிந்து களை பிடுங்கினாள். அங்கே களை இல்லை, நேற்றுத்தான் சுத்தம் செய்திருந்தார்கள். எலும்புகளை வெள்ளைத் துணியில் எடுத்து வைத்ததும் எழுந்து வந்து, ஒரு புட்டி அரிசிச் சாராயத்தைப் பத்து அத்தையின் பக்கத்தில் தரையில் வைத்தாள்.

"எலும்பைக் கழுவ வேணுமில்ல. பசங்களுக்கு வெச்சது, மிச்சம் கெடந்துச்சு."

"அக்கா..."

"ஒண்ணும் சொல்லாதே. மொழங்கால் வலிக்குது, நான் போறேன்."

பத்து அத்தை ஒவ்வொரு எலும்பாகக் கழுவினாள். தேங்காய் உரிக்கிற கை. இடது கால் எலும்பு ஒன்று உடைந்திருந்ததை விரலால் தடவிப் பார்த்தாள். துணியைக் கட்டிய பிறகு, குழியின் ஓரத்தில் நின்று, சுற்றியிருந்த கல்லறைகளைப் பார்த்து மூன்று முறை தலை வணங்கினாள். அது வேண்டுதலாக இல்லை. ஒருவர் வீட்டில் தெரியாமல் நுழைந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து வெளியே வருகிறவர்களின் வணக்கம் போலிருந்தது. குழியை மூடிவிட்டுப் படகில் தோட்டத்துக்குப் போனோம். எட்டு மாமாதான் துடுப்புப் போட்டார்.

இருபத்தேழாம் தேதி கல்லைத் திறந்தார்கள். இரண்டாவது பத்தியில் லே வான் கியெம் என்று இருக்கிறது, எழுத்து நன்றாக வந்திருக்கிறது. அதைப் பற்றி எனக்கு எழுத வேறொன்றும் இல்லை. எனக்கு எழுத வேண்டியிருப்பது ஜூலை ஐந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது.

பத்து அத்தை அன்று என்னை வரச் சொல்லியிருந்தாள். தோட்டத்தில் அப்பா, அம்மா கல்லறைகளுக்குப் பக்கத்தில் புதிய மண் மேட்டின்மேல் சிமென்ட் பூசி, கரண்டியால் இழைத்து வைத்திருந்தாள். இறால் போட்டுக் காய்ச்சிய பூசணிக்காய்ச் சாறும் சோறும் கொடுத்தாள். சாப்பிட்டு முடித்ததும் ஓர் ஆணியைக் கொடுத்தாள்.

"உங் கையெழுத்து நல்லா இருக்கும். பேரை எழுதிக் குடு. காயறதுக்குள்ள."

"பொறந்த வருசம், செத்த தேதி?"

"வேணாம். பேரு மட்டும்."

சிமென்ட்டுக்கு முன்னால் மண்டியிட்டேன். அந்த இடம் வாய்க்காலிலிருந்து பத்தடி. கரையோர நீர்த்தென்னைப் புதரை வெட்டியிருந்ததால் மறைப்பு இல்லை. எதிர்க்கரையில் தேங்காய்ப் படகில் ஐந்தாறு பேர் காய் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் அலுவலகக் காவலரின் மைத்துனர். என் தற்காலிக வேலையை நிரந்தரம் ஆக்குவது பற்றி அடுத்த மாதம் முடிவாக இருந்தது. இதையெல்லாம் நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. நான் செய்தது இதுதான்: ஆணியை வைப்பதற்கு முன் தலையைத் தூக்கி இந்தக் கரையைப் பார்த்தேன். பிறகு அந்தக் கரையைப் பார்த்தேன்.

பார்வையைத் திருப்பியபோது பத்து அத்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்த்த பக்கத்தை அவளும் ஒரு தடவை பார்த்தாள்.

குனிந்து எழுதப் போனேன். ஆணி பிடிக்கவில்லை, கை நழுவி ஓரத்தில் ஒரு கோணல் கோடு விழுந்தது. அவள் கரண்டியால் அதை இழைத்து மூடினாள். அப்புறம் என் கையிலிருந்து ஆணியை எடுத்துக்கொண்டாள். கோபமாக எடுக்கவில்லை. அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

"நீ எழுத வேணாம். எனக்கு எழுத்து தெரியாது. நீ எப்படின்னு சொல்லு, நான் கீறிக்கிறேன்."

முதல் எழுத்து எப்படி வளையும் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கேக்கல," என்றாள். "சத்தமாச் சொல்லு."

கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"காத்து அடிக்குது, நாலு. இன்னும் சத்தமா. மொதல்ல பேரைச் சொல்லு, பெறவு எழுத்தைச் சொல்லு."

எதிர்க்கரையில் காய் விழும் சத்தம் நின்றிருந்தது. நான் எழுந்து நின்றேன், குரல் வருவதற்காக.

"லே வான் சாங்," என்றேன்.